வெள்ளிப் பூச்சுக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில்

கோயில் ஒலிபெருக்கியின் குரல் எட்டும் இடமெல்லாம் நின்று கேட்கும், இந்தத் தேயிலைத் தோட்டத்தின் மூன்று பிரிவு மக்களே. மேல்கணக்கு லயத்து வீடுகளில் இருப்பவர்களே, நடுக்கணக்கில் இருப்பவர்களே, ஆற்றோரத்துக் கீழ்க்கணக்குத் தாய்மாரே. நாளை கரகம் கடக்கவிருக்கும் நம் தொங்குபாலத்தின் நங்கூரக் கம்பி உள்ளுக்குள் பிளந்திருக்கிறது. அதைக் கண்டறிந்து சொன்னவள் மண்ணுக்குள் போய்விட்டாள். காதில் வாங்காதவர்கள் தோட்ட அலுவலகத்து நாற்காலிகளில் நலமாக அமர்ந்திருக்கிறார்கள். நம் குறைகள் பல. இன்று நான் பேசவந்த குறை இது ஒன்றே. அவளுக்கு ஒரு மடல் எழுதினேன். அவள் படிக்கப்போவதில்லை. ஆகவே உங்கள் முன் படிக்கிறேன்.

தோழி,

இன்று காலை கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நின்றபோது வெள்ளிப் பூச்சின் வாடை வந்தது. தொண்டையைப் பிடிக்கும் அந்த வாடையை நீ அறிவாய். கூடையை வைத்துவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்கினேன். பாலம் புதுக் கொலுசுபோல மின்னிக்கொண்டிருந்தது. வடம் மின்னியது, கைப்பிடி மின்னியது. சீமெந்துத் திட்டிலிருந்து வெளியே தலைநீட்டி வடத்தைப் பிடித்திருக்கும் நங்கூரக் கம்பிகளின் முகப்புகளும் மின்னின. நீ நோயைக் கண்டுபிடித்த அந்த மேற்புறக் கம்பியின் முகத்தில் பூச்சு இன்னும் காயாமல் வழிந்துகொண்டிருந்தது. அதன் நடுவே சந்தனம், குங்குமம்.

திட்டின்மேல் முருகேசு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். திருவிழாக் குழுவின் தலைவன்; ஆண்டுதோறும் பாலத்துக்குப் பூச்சுப் பூசுகிறவன் அவன்தான்.

"நான் தொடலக்கா," என்றான். "டின்னு ஆபீசுல இருந்து வந்துச்சு. ஆளும் ஆபீசு ஆளு. இந்தத் தடவ ஒங்க பாலத்த நாங்களே மினுக்கித் தர்றோம்னு தொரை சொல்லியனுப்பியிருக்காரு."

"பொட்டு வச்சது யாரு?"

"அதுவும் அவுங்கதான். நம்மளப் பாத்துப் படிச்சிருக்கானுங்க."

அந்த நொடியில் என் உடம்பு பற்றி எரிந்தது. அந்தச் சினம் தணியுமுன் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன்னை அறியாதவர்களுக்காக ஓரிரு சொற்கள். நீயும் நானும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் வளர்ந்தவர்கள். இதே பாலத்தில் ஓடிப் பள்ளிக்குப் போனவர்கள். நான் தமிழைப் பிடித்துக்கொண்டு தொழிற்சங்க மேடைக்குப் போய் இங்கே தலைவியானேன். நீ பௌதிகத்தைப் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழகம் போனாய். பிறகு கொழும்பில், எண்ணெய்க் கொள்கலன்களின் ஒட்டுகளையும் கப்பல்களின் அச்சுத்தண்டுகளையும் வெட்டாமல் உடைக்காமல் உள்ளே பார்த்துச் சொல்லும் வேலை. "என்னடி வேலை அது?" என்று உன் அம்மா கேட்டபோது, "டாக்டரம்மா வயித்துல வச்சுப் பாப்பாங்களே, அதே வேலைதான். எனக்கு வர்ற நோயாளி கத்த மாட்டான், அவ்வளவுதான்," என்றாய்.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது பாலத்தின் தலைப்பில் நின்றுவிட்டாய்.

"ஒரு பக்கமாச் சாயுதுடி. ஒனக்குத் தெரியல?"

"பாலம்னா ஆடத்தான் செய்யும்."

"ஆடுறது வேற. சாயுறது வேற."

அடுத்த விடுமுறைக்கு உன் நிறுவனத்தில் இசைவு பெற்று, கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பலாங்கொடையில் பேருந்து மாறி வந்து இறங்கினாய். கம்பி முகத்திலிருந்த துருவையும் பழைய பூச்சையும் கம்பித்தூரிகையால் தேய்த்து, இரும்பு வெளுக்கும்வரை விடவில்லை. பிறகு அதன்மேல் வழுவழுப்பான ஒரு கூழைத் தடவினாய். கம்பிகளுள் பாதியைப் பார்த்து முடிப்பதற்குள் போத்தல் தீர்ந்துபோயிற்று. நீ சற்றும் தயங்கவில்லை. வீட்டுக்கு ஓடி, ஆறிக் கெட்டியாகியிருந்த வடிகஞ்சியைச் சட்டியோடு தூக்கிவந்தாய். பின்னாலேயே உன் அம்மா வந்தார்.

"ஏன்டி, மனுசருக்கு வச்ச கஞ்சிய இரும்புக்கு ஊத்துற. கம்பி வந்து பசிக்குதுன்னு சொல்லுச்சா?"

"ஆமாம்மா. ஈரம் இல்லாட்டி சத்தம் உள்ளுக்குப் போகாது. நடுவுல துளிக் காத்து இருந்தாலும் வாசல்லயே திரும்பிரும்."

கொழுந்துக்கூடையோடு கடந்துபோன பெண்கள் சும்மா போவார்களா? "அபிசேகம் நடக்குதா? தேங்கா ஒடைக்கலியா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒங்க தலைவரத்தான் ஒடைக்கணும்," என்று என்னைக் காட்டினாய். ஆற்றங்கரை முழுவதும் சிரித்தது.

உன் கருவி போடுவது நம் செவிக்கு எட்டாத ஒலி. பள்ளியில் கழியொலி என்று படித்தோம். கம்பியின் முகத்தில் வைத்த சிறு கட்டை அந்த ஒலியை இரும்புக்குள் அனுப்புகிறது. வழியில் தடையேதும் இல்லையென்றால், கம்பியின் மறுமுனை வரை போய் முட்டித் திரும்புகிறது. நடுவில் பிளவு இருந்தால் அந்தப் பிளவின் முகத்தில் பட்டு முன்கூட்டியே திரும்பிவிடுகிறது. எவ்வளவு விரைவில் திரும்பிற்று என்பதே எவ்வளவு ஆழத்தில் பிளவு என்பதைச் சொல்லும். திரையில் நீ எனக்குக் காட்டினாய்: கோட்டில் முகப்புக்கு ஒரு கூர்மேடு, கம்பியின் மறுகோடிக்கு ஒரு கூர்மேடு. மேற்புறக் கம்பியில் மட்டும் இரண்டுக்கும் நடுவே இன்னொன்று எழுந்து நின்றது.

"இது என்னா வேலை பாக்குது இங்க?" என்று நீ அதைத்தான் கேட்டாய், என்னையல்ல. பிறகு சொன்னாய்: "நட்டு முடுக்க மரை வெட்டுன எடத்துல இருந்தும் இப்புடி வரலாம். அவசரப்பட்டு வாய விடக் கூடாது."

வாய்விடாத உன் நேர்மையையே அவர்கள் உனக்கு எதிராகத் திருப்பினார்கள். கண்டதைக் கண்டபடி தோட்ட முகாமையாளர் துரையிடம் போய்ச் சொன்னாய். மரையின் எதிரொலியாகவும் இருக்கலாம் என்று நீயே சொல்கிறாய், பிறகு எதற்காக ஊரைக் கலவரப்படுத்துகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார் துரை. அவரைவிடத் தெளிவான சிங்களத்தில் நீ விடை சொன்னாய்: ஐயம் இருக்கும்போது பாலத்தை மூடிவிட்டுத்தான் ஐயத்தைத் தீர்ப்பார்கள், ஐயம் தீரும்வரை ஆட்களை நடக்கவிட்டுப் பார்ப்பதில்லை. துரை தம் சார்பில் ஒரு பரிசோதகரை வரவழைப்பதாகச் சொன்னார்.

அவர் வருமுன் சென்ற ஆண்டுத் திருவிழா வந்தது. நம் பிள்ளைகள் செய்த பிழையை மறைக்காமல் சொல்கிறேன். இந்த மண்ணில் மட்டுமே நடக்கக்கூடிய பிழை அது. அக்கா நோய் சொன்ன கம்பி என்று முருகேசும் அவன் கூட்டாளிகளும் அந்த மேற்புறக் கம்பிக்கு மட்டும் பூச்சின்மேல் பூச்சாக அப்பினார்கள். இனித் துரு ஏறக்கூடாது என்ற அன்பு. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். அம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்ற நம்பிக்கை. நீ வெளுக்கத் தேய்த்துவைத்த முகம் கொப்புளம் கட்டிய வெள்ளிப் பூச்சுக்குள் மறைந்துபோயிற்று.

கூலிக்கு வந்த பரிசோதகர் அந்தப் பொட்டின்மேலேயே கட்டையை வைத்தார். நீயும் நானும் பக்கத்தில் நின்றோம். திரையில் ஒரு மேடு இல்லை, ஒரு கூர் இல்லை, துடைத்துவைத்ததுபோல் நேர்கோடு. "ஒக்கொம ஹரி" என்றார். எல்லாம் சரியாம்.

மறுமுனையின் எதிரொலி எங்கே என்று நீ கேட்டாய். பழுது இல்லாததால் ஒன்றும் திரும்பவில்லை என்றார் அவர். நீ என் பக்கம் திரும்பினாய். உன் முகத்தில் அப்படியொரு சினத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை.

"கம்பிக்கு மறுமுனைன்னு ஒண்ணு இருக்குல்ல? அதுல இருந்துகூட ஒண்ணும் வரலைன்னா சத்தம் உள்ளேயே போகலைன்னு அர்த்தம். பெயிண்டுக்குக் கீழ இருக்கிற காத்துல நின்னுருச்சு. இதப் போயி நல்லா இருக்குன்னு எழுதுறான்."

எழுதினார். ஒப்பமிட்டார். முத்திரை குத்தினார்.

மக்களே, அந்த நேர்கோட்டை எண்ணிப் பாருங்கள். ஒலி உள்ளே புகவே இல்லை. அதனால் எதுவும் திரும்பவில்லை. எதுவும் திரும்பாததால் எல்லாம் நலம் என்று எழுதியாயிற்று. நம்மை எழுதியதும் இப்படித்தான் அல்லவா? லயத்துக் கூரை ஒழுகுகிறதா என்று எவரும் உள்ளே வந்து கேட்டதில்லை. கேளாததால் நாம் சொல்லவில்லை. நாம் சொல்லாததால் தோட்டத்தில் குறையொன்றும் இல்லை. அமைதியை நலம் என்று படிக்கும் அந்தக் கல்வி எங்கே கிடைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கூலி கிடைக்கிறது என்பது மட்டும் தெரியும்.

தோழி, நீ விடவில்லை. அடுத்த மாதமே வேறொரு கருவியோடு வந்தாய். முருகேசைக் கூப்பிட்டு அவன் கையிலேயே கம்பித்தூரிகையைக் கொடுத்தாய். அவன் தேய்த்துக்கொண்டே முனகினான்.

"நாங்க நல்லதுக்குத்தானக்கா பூசுனோம்."

"நல்லதுக்குத்தான்டா பூசுனீங்க. அவன் கெட்டதுக்கு வச்சுக்கிட்டான். அழாமத் தேயி."

இந்தக் கட்டை முந்தையதைவிட வேறுபட்டது. ஒரே துண்டாக இல்லாமல், மெல்லிய துண்டுகள் பல வரிசையாக அடுக்கப்பட்டது. அதை எனக்கும் முருகேசுக்கும் விளங்கவைக்க நீ கோயிலைத்தான் காட்டினாய்.

"சீர்த்தட்டு எப்புடிடா வரும்?"

"மேக்கணக்கு ஆளுங்க மொதல்ல கெளம்புவாங்க. அப்புறம் நடுக்கணக்கு. நாங்க கிட்டத்துல இருக்கிறவங்க கடைசியா. எல்லாரும் ஒண்ணா வாசலுக்கு வந்தாத்தான் பூசாரி கரகத்தத் தூக்குவாரு."

"அதேதான். இதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு துண்டும் தனித்தனியாச் சத்தம் போடும். எல்லாம் ஒரே நேரத்துல போட்டா நேராப் போயி விரிஞ்சிரும். ஓரத்துல இருக்கிறது முந்தி, நடுவுல இருக்கிறது பிந்தின்னு கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போட வச்சா, எல்லாம் ஒரே எடத்துல ஒரே நேரத்துல போயிச் சேரும். சேர்ற எடத்துல பலம். அந்த எடத்த மேல கீழ நகத்தலாம், சாய்க்கலாம். கட்டைய அசைக்கவே வேணாம்."

"கம்பியோட அடி வரைக்கும் அப்புடிச் சேக்கலாமாக்கா?"

"முடியாது. கட்டையோட அகலத்துக்குத் தக்கபடி ஒரு எல்லை இருக்கு. அதுக்கு அங்கிட்டு எப்புடிக் கூட்டுனாலும் விரியத்தான் செய்யும். நமக்கு வேண்டிய எடம் அந்த எல்லைக்குள்ளதான் இருக்கு."

பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். "நீ மைக்கப் பிடிச்சா மூணு கணக்குக்கும் கேக்குது. ஆனா ஒரு கதவும் தொறக்கல. சம்பளம், கூரை, தண்ணி, ரோடு, லீவு, எல்லாத்தையும் ஒரே பேச்சுல போட்டுச் சிதறவிடுற."

அதன்பின் சிரிப்பு நின்றது. கம்பி சீமெந்துக்குள் நுழையும் இடத்தில், மழைநீர் தேங்கி நிற்கும் அந்தக் கழுத்தில், முகப்பிலிருந்து ஒரு சாண் ஆழத்தில் ஒலியைக் குவித்தாய். மரையின் எதிரொலி மரை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால், தனியாக, பிளவு எழுந்தது. நீ கோணத்தை மெல்ல மெல்லச் சாய்த்தாய். பிளவு அகன்றுகொண்டே போயிற்று. திரையில் அதன் அகலத்தை விரலால் அளந்தாய்.

"பாதியத் தின்னுருச்சுடி," என்றாய்.

இம்முறை ஐயம் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு துரையிடம் போனாய். சான்றிதழ் வந்துவிட்டது, பேச்சு முடிந்துவிட்டது என்றார் அவர். அதோடு விட்டாரா? தோட்டத்தின் உடைமையில் இசைவின்றிக் கைவைத்தாய் என்று உன் நிறுவனத்துக்கு முறையிட்டார். உன் கையிலிருந்து கருவி பறிபோயிற்று. நான் சங்கத் தலைவர்களிடம் போனேன். பேச்சுவார்த்தைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பட்டியலின் எந்த மூலையில் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அன்றிலிருந்து நீ பாலத்தில் கால்வைக்கவில்லை. ஆற்றில் அப்பாலுள்ள கல்பாலம் வழியாகச் சுற்றிவரும் லொறிப் பாதை உனக்குத் தொலைவு. கொழும்பிலிருந்து வரும் பேருந்து பொழுதுசாய்கிற வேளையில்தான் இறக்கிவிடும். உன் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. வாராவாரம் மருந்தோடு வந்தாக வேண்டும். ஆகவே கீழ்த்துறையில் இறங்கி ஆற்றைக் கடந்தாய். பாலத்தின்மேல் நின்று சிலர் வேடிக்கை பார்த்தார்கள். "எஞ்சினியரம்மா, பாலத்துல வந்தா வரி கேப்பாங்களா?" என்றான் ஒருவன். "நீ எறங்குடா, ஒனக்கும் சேத்து நானே கட்டுறேன்," என்றாய் தண்ணீருக்குள் நின்றபடி. கேலி செய்தவன் அதற்கடுத்த வாரம் உன்னோடு ஆற்றில் இறங்கினான். பிறகு சில பெண்கள் இறங்கினார்கள். மற்றவர்கள் பாலத்திலேயே நடந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் பாலத்திலேயே நடந்தார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் கல் கிழித்துக் காலில் புண். கலங்கல் நீரில் அந்தப் புண்ணோடு மறுபடியும் கடந்தாய். கொழும்பில் காய்ச்சல் கண்டது. வேலைக்களைப்பு என்று நினைத்து காய்ச்சல் வில்லைகளைப் போட்டுக்கொண்டு கிடந்தாய். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கண் மஞ்சளாகி, சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. எலிக்காய்ச்சல், அழுக்கு நீரிலிருந்து புண்வழியாக ஏறியிருக்கிறது என்றார் மருத்துவர். வயலில் இறங்குகிறாளா, மாணிக்கக் குழியில் இறங்குகிறாளா என்று கேட்டார். வீட்டுக்குப் போகிறாள் ஐயா, தன் வீட்டுக்குப் போகிறாள் என்றேன்.

பாலம் விழவில்லையே, ஒருவரும் சாகவில்லையே என்று அலுவலகத்தில் இன்றும் சொல்கிறார்கள். விழாமலே ஒருத்தியைக் கொன்ற பாலம் இது. அவர்கள் கணக்கில் அது சாவு ஆகாது, அது காய்ச்சல்.

உன்னை அடக்கம் செய்ய அக்கரை மயானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பாடையைத் தூக்கியவர்கள் வழக்கம்போல் பாலத்துப் பக்கம் திரும்பினார்கள். உன் அம்மா பாதையை மறித்து நின்றார்.

"அவ ஏற மாட்டேன்னு சொன்ன பாலம். தூக்கிக்கிட்டுப் போற தெம்பு இருக்குன்னு அவள ஏத்திராதீங்க. எறக்குங்கய்யா தண்ணியில."

முருகேசு பாடையின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தான். அவன்தான் முதலில் கீழ்த்துறைக்குத் திரும்பினான். முழங்கால் நீரில் உன்னைச் சுமந்து கடந்தார்கள். அக்கரையில் அலுவலக எழுத்தர் மலர்வளையத்தோடு காத்திருந்தார். அவர் பாலத்தின் வழியாக வந்து நின்றவர். உன் அம்மா அதை வாங்கவில்லை.

தோழி, உன்னிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பதை மக்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உன் கருவி என்னிடம் இல்லை. அதை இயக்கவும் எனக்குத் தெரியாது. ஒலியைச் சிதறவிடாதே என்று என் முகத்துக்கு நேரே நீ சொன்ன சொல் இருக்கிறது. அது என்னைச் சுடுகிறது. இன்று மேடையில் என்னை உலுக்குகின்ற அத்தனை குறைகளையும் பல்லைக் கடித்து விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் பேசுகிறேன்.

மக்களே, கேளுங்கள். நாளை கரகம் எழும். பறை முழங்கும். ஆட்டக்காரர் ஆடுவார்கள். மூன்று கணக்கு மக்களும் ஒரே நேரத்தில் அந்தப் பாலத்தில் ஏறுவோம். பாதி தின்னப்பட்ட கம்பி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்க நம் பிள்ளைகளின் உயிர் அளவுகோலா? பூசாரியிடம் பேசிவிட்டேன், கரகம் லொறிப் பாதையில் கல்பாலம் வழியாகச் சுற்றி வரும். அம்மனுக்கு நடக்கத் தெரியும் என்றார் அவர்.

ஆனால் கரகம் சுற்றிப்போவதால் பாலம் மூடப்பட்டதாகாது. திங்களன்று பள்ளி திறக்கும். ஆகவே இப்போதே புறப்படுங்கள். மேல்கணக்கு மக்களே, நீங்கள் முதலில் இறங்குங்கள், இந்த ஒலிபெருக்கி ஓய்ந்ததும் நில்லாமல் இறங்குங்கள். நடுக்கணக்கு மக்களே, அவர்களின் தலை உங்கள் வளைவில் தெரிந்ததும் சேர்ந்துகொள்ளுங்கள். கீழ்க்கணக்குத் தாய்மாரே, நீங்கள் கடைசி. லொறிப் பாதையிலேயே வாருங்கள். பாலத்திலும் ஏறாதீர்கள், ஆற்றிலும் இறங்காதீர்கள். தோட்ட அலுவலகத்து வாசலில் எல்லோரும் ஒருசேர நிற்க வேண்டும். சம்பளத்தைப் பேசாதீர்கள், கூரையைப் பேசாதீர்கள். அவற்றுக்கு வேறு நாள் வைத்திருக்கிறேன். எவர் எதைக் கேட்டாலும் மேற்புறக் கம்பி என்று மட்டும் சொல்லுங்கள்.

துரை அவர்களே, உங்கள் அலுவலகத்துக்கும் இந்த ஒலிபெருக்கி கேட்கும் என்று அறிவேன். பாலத்தின் இரு தலைப்பையும் இருட்டுமுன் அடைத்துவிடுங்கள். பூச்சைச் சுரண்டி இரும்பைக் காட்டுங்கள். நாங்கள் நம்பும் ஒருவரை அழைத்து, எங்கள் கண்முன்னே அந்த ஒரு சாண் ஆழத்தைப் பார்க்கவையுங்கள். கம்பியை மாற்றுங்கள். மாற்றும்வரை பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைத் திங்கள் காலையிலிருந்து விடுங்கள். நாளைக்கு என்று சொல்லாதீர்கள், மேலிடம் என்று சொல்லாதீர்கள். வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறோம், பாலத்தின் பூட்டையும் சங்கிலியையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.